பதினெட்டுக் கல்

முதலாண்டு மாணவர்களுக்கு நான் எப்போதும் ஒரு ரப்பர் பட்டையோடுதான் பாடத்தைத் தொடங்குவேன். பட்டையை உதட்டில் வைத்துக்கொண்டு சட்டென்று இழுக்கச் சொல்வேன். லேசாகச் சுடும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுத் தளரவிட்டால் சில்லென்று இருக்கும். நானூறு பேர் உதட்டில் ரப்பரை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவன், "புரொஃபசர், இது முத்தம் குடுக்கக் கத்துத் தர்ற வகுப்பா?" என்று கத்துவான். வருடா வருடம் அதே கேலிதான். வருடா வருடம் நானும் புதிதாகக் கேட்பவன்போலச் சிரிப்பேன்.

ரப்பரும் நைலானும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவை. சும்மா விட்டால் சங்கிலி சுருண்டு கிடக்கும். இழுத்தால் நீளும், விட்டால் மறுபடி சுருளும். நேராக நிற்பதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு, சுருண்டு கிடப்பதற்குக் கோடிக்கணக்கான வழிகள் உண்டு. வழிகள் அதிகம் இருக்கும் பக்கமே அது போய்ச் சேரும். நாற்பது ஆண்டுகள் நான் செய்த ஆராய்ச்சியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். விசாரணை நீதிபதி அவர்களே, நேரம் கடத்துவதற்காக இதை எழுதவில்லை. நான் செய்தது என்ன என்று புரிவதற்கு இந்தச் சங்கிலி கொஞ்சம் தேவைப்படும்.

என் பெயர் எமிலியன் ஸாஃபாக். வயது அறுபத்தொன்பது. ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் எபாந்தா துறையில் ஓடக் கயிறு அறுந்து ஒன்பது பேர் எம்பாம் ஆற்றோடு போன வழக்கில் நிபுணர் சாட்சி சொன்னவன் நான். அந்தச் சாட்சியத்தின்பேரில் ஓடக்காரர் பசோமோவுக்கு ஒன்பது ஆண்டு சிறை கிடைத்தது. இன்னும் ஐந்து ஆண்டு பாக்கி இருக்கிறது. இந்த வாக்குமூலத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்.

ஒரு சங்கிலியை இரண்டு விதமாக இழுக்கலாம். இரண்டு முனையையும் ஒரு நீளத்தில் பூட்டிவைத்து, அது எவ்வளவு விசையோடு எதிர்த்து இழுக்கிறது என்று அளக்கலாம். அல்லது ஒரு முனையில் பாரத்தைத் தொங்கவிட்டு, எவ்வளவு நீள்கிறது என்று பார்க்கலாம். சங்கிலி போதிய நீளம் இருந்தால் இரண்டு வழியிலும் ஒரே விடை வரும். சிக்கலான சில வகைச் சங்கிலிகளுக்கும் இது பொருந்தும் என்று என் முப்பத்துமூன்றாம் வயதில் நிரூபித்தேன். ஆறு பக்கக் கட்டுரை. பாரிசிலும் மைன்ஸிலும் அதை ஸாஃபாக் சமன்பாடு என்றே சொல்வார்கள். எங்கள் மலையூரிலிருந்து வெளியே போன சமன்பாடு அது ஒன்றுதான். எனக்கு அதில் தலைக்கனம் நிறைய உண்டு. மறைப்பதற்கில்லை.

எபாந்தாவில் பாலம் கிடையாது. கரைக்குக் கரை குறுக்கே கட்டிய கயிற்றில் உருளை மாட்டி, தட்டையான இரும்பு ஓடத்தைக் கையால் இழுத்துக்கொண்டு போவார்கள். பழைய இரும்புக் கம்பி துருவேறிப் பிய்ந்தபோது, அதற்குப் பதிலாக நைலான் கயிறு போடலாம் என்று யோசனை சொன்னவன் நான். படித்ததை மக்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று வானொலியில்கூடப் பேசினேன். கயிற்றில் ஒரு துண்டை ஆய்வகத்தில் இரண்டு பிடிகளுக்கு நடுவே இழுத்து, அந்த நீளத்திலேயே பூட்டி, தொண்ணூறு நாள் வைத்தேன். நாளாக ஆகக் கயிறு இளகியது. இழுவிசை குறைந்துகொண்டே வந்தது. ஓர் இழைகூட அறவில்லை. அதை வைத்துக் கணக்குப் போட்டு, பதினொரு ஆண்டு தாங்கும் என்று முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்தேன்.

கயிறு கட்டிய அன்று துறைக்கு நானே போனேன். பசோமோ அப்போது ஐம்பதைத் தாண்டியவர். குட்டையான ஆள், தோள் மட்டும் இரண்டு ஆள் அகலம். மழைக்காலத்தில் கயிறு தொய்ந்துவிட்டால் ஓடம் கைக்கு அடங்காது. அதனால் எபாந்தாவில் கயிற்றின் ஒரு முனையைக் கப்பி வழியாக இறக்கி, கல் நிரப்பிய பீப்பாயைத் தொங்கவிடுவார்கள். கயிறு எவ்வளவு இளகினாலும் பீப்பாய் கீழே இறங்கி அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

"எத்தனை கல்லு போடட்டும் ஐயா?" என்று கேட்டார் பசோமோ. "எங்கப்பா காலத்துல இருபது. அது இரும்புக் கம்பி. இது என்னவோ மீன் வலை மாதிரி இருக்கு. நீங்கதான் சொல்லணும்."

ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ இருக்கும். ஆய்வகத்தில் நான் முதல் நாள் இழுத்த விசைக்குச் சமமாக வர வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டு, பதினெட்டு என்றேன். சான்றிதழிலும் என் கையாலேயே எழுதினேன். பிறகு பீப்பாயின் மேல் கை வைத்துக்கொண்டு ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டேன். அதைச் சட்டமடித்து அலுவலகச் சுவரில் மாட்டினேன்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் லெயோகாதி கண்டுபிடித்தாள். லெயோகாதி கெமாயூ என் ஆராய்ச்சி மாணவி. சங்கிலிகள் இழுபட்டு அறுவதைப் பற்றி மூன்றாண்டாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கயிறு கட்டி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு வியாழக்கிழமை பிற்பகல், என்னிடம் கையெழுத்து வாங்க வந்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"புரொஃபசர், இந்தப் பீப்பா எதுக்கு?"

நான் பெருமையாக விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப அங்க பாரம் குறையவே குறையாதே. நம்ம லேப்ல கயிறு இளகினா இழுவையும் கூடவே குறைஞ்சுது. அங்க கயிறுதான் இளகும், கல்லு இளகாது."

"நீளமான சங்கிலிக்கு ரெண்டும் ஒண்ணுதான், லெயோகாதி. அதை நிரூபிச்ச ஆளு உன் முன்னாலதான் உக்காந்திருக்கான்."

"அது அறாத சங்கிலிக்கு, புரொஃபசர்."

பலகையில் எழுதிக் காட்டினாள். நீளத்தைப் பூட்டி வைத்தால், ஓர் இழை அறுந்தாலும் மற்றவற்றுக்குச் சுமை கூடாது. பாரத்தைத் தொங்கவிட்டால், அறுந்த இழையின் பங்கு மிச்சமிருக்கும் இழைகளின் தலையில் விழும். அவற்றில் இன்னொன்று சீக்கிரம் அறும். அதன் பங்கும் மற்றவற்றின் மேல் விழும். வெளியே பார்த்தால் கடைசி நாள் வரை கயிறு கயிறாகவே இருக்கும். அவள் கணக்குப்படி பதினொரு ஆண்டு என்பது ஓராண்டுக்கும் குறைவு.

நான் தேநீரில் கரண்டியைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன். கலக்கி முடிப்பதற்குள் எனக்கு ஓரளவு விளங்கிவிட்டது. ஆனாலும் உறுதியாகத் தெரியாது என்று நினைத்தேன்.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மாணவர் கொண்டுவரும் விடை வழிகாட்டிக்குப் பிடிக்கவில்லை என்றால், தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கேயோ ஒரு இரண்டு விட்டுப்போயிருக்கிறது, மறுபடி போட்டுப் பார் என்றால் போதும். கணக்கில் இரண்டால் பெருக்கவோ வகுக்கவோ மறப்பது எல்லோருக்கும் நடக்கும். ஆகவே எந்த மாணவரும் பதில் பேசாமல் திரும்பிப் போய் ஒரு மாதம் அதைத் தேடுவார். மரியாதையான முறையில் ஒருவர் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. நானும் அதைத்தான் சொன்னேன்.

"எங்கயோ ஒரு ரெண்டை விட்டிருக்கே. போய்ப் பொறுமையாப் பாரு. மாநாடு முடிஞ்சப்புறம் பேசலாம்."

அந்த மாநாடு எனக்காக நடந்தது. இயற்பியல்காரர் ஒருவருக்கு அறுபத்தைந்து வயது ஆனால், உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் சகாக்கள் கூடி, ஒரு வாரம் அவரைப் பற்றி நல்ல வார்த்தை பேசுவார்கள். எங்கள் மலைப் பக்கத்தில் சாவுச் சடங்குக்குத்தான் அத்தனை நாற்காலி போடுவார்கள். என்ன, இதில் போனவர் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டலாம். திங்கள் தொடக்கம், வெள்ளி வரை நிகழ்ச்சி. வெளிநாட்டிலிருந்து இருபத்திரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவர்களைப் பேருந்தில் எபாந்தாவுக்கு அழைத்துப் போய், என் சமன்பாடு ஆற்றுக்குக் குறுக்கே நிற்பதைக் காட்டுவதாக ஏற்பாடு. கயிறு வெள்ளிக்கிழமை வரை நிற்க வேண்டும். அதற்குப் பிறகு நானே போய் ஏதாவது காரணம் சொல்லி இறக்கிவிடலாம் என்று இருந்தேன்.

லெயோகாதி இரண்டைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. சனிக்கிழமை காலை பேருந்து ஏறி எபாந்தாவுக்கே போய்விட்டாள். பிற்பகல் ஒன்று ஐம்பதுக்கு என் கைபேசி அடித்தது.

"ஐயா, ஓடக்காரன் பசோமோ பேசுறேன். நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சுகமா? இங்க உங்ககிட்ட படிக்கிற பொண்ணு ஒண்ணு வந்து, கயித்தை இறக்கு கயித்தை இறக்குன்னு ஒத்தைக் கால்ல நிக்குது. நான் சொன்னேன், ஏம்மா, புரொஃபசரோட முத்திரை போட்ட காகிதம் பொட்டியில இருக்கு, உன்னை நம்பவா அதை நம்பவான்னு. கேக்க மாட்டேங்குது."

"என்ன சொல்லுது?"

"எனக்கென்ன புரியுது? இழைங்கிறா, பங்குங்கிறா. புதன்கிழமை சந்தை ஐயா. இறக்கினா ஜனமெல்லாம் அறுபது கிலோமீட்டர் சுத்திக்கிட்டுப் போகணும், என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுருவாங்க. ஆனா நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே இறக்கிடுறேன். எவன் திட்டினாலும் பரவாயில்லை."

பின்னால் அவள் குரல் கேட்டது. "மாமா, போனை என்கிட்ட குடுங்க மாமா, ஒரு நிமிஷம்."

நான் சொன்னேன்: "அது இன்னும் படிச்சுக்கிட்டிருக்கிற பிள்ளை, பசோமோ. கயிறு இருக்கட்டும்."

"அதானே பாத்தேன்," என்று சிரித்தார். "சரிங்க ஐயா. சுட்ட மீனும் மரவள்ளிக் கிழங்கும் வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி விட்டுடுறேன். பாவம், காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடலை."

அவளிடம் கைபேசி போவதற்குள் நான் துண்டித்துவிட்டேன். அதற்கப்புறம் அவள் ஒன்பது முறை அழைத்தாள். நான் எடுக்கவில்லை. அவள் சொல்வது சரியா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கயிறு அறுந்தது. முந்தின இரவு மழையில் ஆறு வேகமாக வந்துகொண்டிருந்தது. ஓடம் நடு ஆற்றில் சுழன்று, கீழே இருக்கும் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. முப்பத்தொரு பேர் ஏறியிருந்தார்கள். பசோமோ தண்ணீருக்குள் திரும்பத் திரும்பப் போய் ஆறு பேரைக் கரை சேர்த்தார். ஒன்பது பேர் கிடைக்கவில்லை, அல்லது உயிரோடு கிடைக்கவில்லை. அவர்களில் நான்கு பேர் சந்தைக்கு நிலக்கடலையும் வாழைக்காயும் கொண்டுபோன பெண்கள். ஒருவர் அக்கரைப் பள்ளிக்கூடத்து ஆசிரியை, முதல் மாதப் பிள்ளைத்தாய்ச்சி. மற்றவர்களின் பெயர்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றன. எனக்கு அவை மனப்பாடம்.

அந்த நேரத்தில் நான் மாநாட்டு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். மைன்ஸிலிருந்து வந்த என் பழைய நண்பர் ஒருவர், முப்பது ஆண்டுக்கு முன் நான் வைத்திருந்த மீசையைப் பற்றிப் பேசி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். இயற்பியல் துறைத் தலைவர் வந்து என் காதில் விஷயத்தைச் சொன்னார். நான் மேடையேறி, இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் காக்கும்படி கேட்டுக்கொண்டேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக அறுபது விநாடி நின்றேன். வெள்ளிக்கிழமை எபாந்தாவுக்குப் பதிலாக விருந்தினர்களை அருவிக்கு அழைத்துப் போனார்கள்.

விசாரணைக்கு என்னையே நிபுணராகப் போட்டார்கள். வேறு யாரைப் போடுவார்கள், இந்த நாட்டில் சங்கிலி தெரிந்தவன் நான்தான். பீப்பாய் ஆற்றுக்குள் போய்விட்டது. கல்லை இனி யாரும் எண்ண முடியாது. பதினெட்டுக் கல்லுக்குக் கயிறு அறுந்திருக்க வாய்ப்பில்லை, குறைந்தது இருபத்தைந்து கல்லாவது போட்டிருக்க வேண்டும் என்றேன். சனிக்கிழமை அழைப்பைப் பற்றிக் கேட்டார்கள். கல்லைக் குறைக்கச் சொன்னதாகச் சொன்னேன். பசோமோ என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. எங்கே என்ன வைத்தோம் என்று மறந்துபோனவர் மாதிரிப் பார்த்தார்.

லெயோகாதியும் சாட்சி சொன்னாள். பலகை கேட்டாள், கொடுக்கவில்லை. அவளுடைய ஆராய்ச்சி சரியாகப் போகவில்லை, அதனால் என்மேல் மனக்கசப்பு என்று நான் சொன்னதும் அவளை உட்காரச் சொல்லிவிட்டார்கள். வெளியே படிக்கட்டில் என்னைப் பார்த்து ஒன்று மட்டும் கேட்டாள்.

"அந்த ரெண்டு எங்க விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க, புரொஃபசர். இன்னைக்கு வரைக்கும் தேடிட்டேன். கிடைக்கலை."

நான் காரில் ஏறிவிட்டேன். அவள் ஆய்வேடு கடைசிவரை ஏற்கப்படவில்லை. பாஃபூசாமில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறாள் என்று கேள்வி.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போன மாதம் சிறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பசோமோவுக்கு எழுதத் தெரியாது. கூட இருக்கும் யாரோ எழுதியிருக்கிறார்கள், ஆனால் பேச்சு அவருடையதுதான். அப்படியே தருகிறேன்.

"ஐயா, சுகமா? நான் ராத்திரி படுத்துக்கிட்டு ஒவ்வொரு கல்லா எடுத்துப் பீப்பாய்ல போட்டுப் போட்டுப் பாக்குறேன். எப்ப எண்ணினாலும் பதினெட்டுதான் வருது. ஆனா நீங்க படிச்சவங்க, இருபத்தஞ்சுன்னு சொன்னீங்க. நான்தான் எங்கயோ எண்ணிக்கை தப்பிட்டேன் போல. அக்கரைப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா கையைத் தண்ணியில பிடிச்சேன், வழுக்கிடுச்சு. உங்க பேரையும் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்க. எபாந்தாவுல மறுபடி கயிறு கட்டப் போறாங்களாம், என் தங்கச்சி மகன்தான் ஓடத்துக்கு நிக்கப் போறான். எத்தனை கல்லு போடணும்னு மட்டும் அவனுக்குச் சொல்லிடுங்க ஐயா."

மூன்று வாரமாக அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தேன். பதில் இதுதான். பசோமோ போட்டது பதினெட்டுக் கல். நான் எழுதிக்கொடுத்ததும் பதினெட்டுக் கல். அவர் எண்ணிக்கை தப்பவில்லை. அந்தக் கயிற்றில் எந்தப் பாரத்தையும் நிரந்தரமாகத் தொங்கவிட்டிருக்கக் கூடாது. லெயோகாதி எதையும் விடவில்லை. அவளிடம் கேட்டுவிட்டுப் புதுக் கயிற்றைக் கட்டச் சொல்லுங்கள்.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் இதிலும் பொய் சொல்லியிருக்கிறேன். உறுதியாகத் தெரியாது, நிச்சயமில்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். நான்கு ஆண்டாக அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மைபோல ஆகிவிட்டது.

அந்த வியாழக்கிழமை லெயோகாதி போனதும், அவள் பலகையில் விட்டுப்போன சூத்திரத்தை எடுத்து நானே கணக்குப் போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கயிறு அறுவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று பார்த்தேன். நாற்பதில் ஒன்று. இரண்டாம் முறை போட்டேன், அதேதான் வந்தது. நாற்பதில் ஒன்று சிறிய எண் என்று முடிவு செய்தேன். பலகையை அழித்தேன்.

சனிக்கிழமை, கயிறு இருக்கட்டும் என்று பசோமோவிடம் சொல்லிப் பதினைந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இரண்டு மணி ஐந்துக்கு என் செயலாளர் சிதோனிக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அது இன்னும் கைபேசியில் இருக்கிறது, கைபேசியையும் இதோடு ஒப்படைக்கிறேன். "வெள்ளிக்கிழமை விருந்தினர் யாரும் ஓடத்தில் ஏற வேண்டாம். இந்தக் கரையிலேயே மீன் சுட்டுச் சாப்பாடு ஏற்பாடு செய்யவும்." இருபத்திரண்டு பேருமா என்று சிதோனி கேட்டிருந்தாள். ஆமாம், என்னையும் சேர்த்து என்று பதில் போட்டேன். ஊர்க்காரர்களைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.